ரூடியின் மஞ்சள் இறகு

வெர்ன் கோலருக்கு வயது அறுபத்தொன்று. அவனுடைய வலது தோளுக்கு மட்டும் எண்பது இருக்கும். நகரப் பேருந்துகளின் அடியில் படுத்து ஆயுள் முழுக்க நட்டு முடுக்கிய தோள். வசந்தத்தில் அதைக் கிழித்துத் தைத்த டாக்டர், ஒரு வருஷத்துக்குக் கனமாக எதையும் இழுக்காதே என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார். வில்லும் அதில் சேர்த்தியா என்று வெர்ன் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே.

அந்தத் தந்திரம் ரூடி ஜூபானிடம் பலிக்கவில்லை. ரூடி, வெர்ன், மார்கஸ் டில்மன் மூவரும் க்ளீவ்லாந்துக்குத் தெற்கே பிரையர் ஹில்லில் பல வருஷங்களாகச் சேர்ந்து மான் வேட்டைக்குப் போகிறவர்கள். காடு என்று சொன்னால் சிரிப்பு வரும். இரண்டு தெருக்களின் கொல்லைப்புறங்களுக்கு நடுவே, ஓடையை ஒட்டிக் கிடக்கும் மரக்கூட்டம், அவ்வளவுதான். மரத்தில் கட்டிய பரணில் ஏறி உட்கார்ந்தால் யாரோ ஒருவர் வீட்டு டிவியில் ஆட்டம் பார்க்கலாம். துப்பாக்கிக்கு அங்கே அனுமதி கிடையாது. வில் மட்டும்தான், அதுவும் நகராட்சியின் அனுமதிச் சீட்டும் வீட்டுக்காரரின் சம்மதமும் இருந்தால்.

சம்மதம் வாங்குவது ரூடியின் பொறுப்பு. ஆகஸ்டில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டுவான். கிறிஸ்துமஸுக்கு அதே கதவுகளுக்கு மான்கறி சாசேஜ் போய்ச் சேரும். அங்கே இருப்பதிலேயே பெரிய நிலம் மிஸஸ் பர்டெட் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியையுடையது. அந்த அம்மாள் வெகுகாலம் முடியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மகளின் காரில் மான் பாய்ந்து, அந்தப் பெண் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த பிறகுதான் மனம் இறங்கினார். அப்போதும் ஒரு நிபந்தனை போட்டார்.

"இங்க ஒரு மானும் கிடந்து துடிக்கக் கூடாது ரூடி. போனா சட்டுனு போயிடணும். எனக்கு வாக்குக் குடுங்க."

ரூடி கொடுத்தான். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் மூவரும் அவருடைய மரங்களில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அதனால்தான் இந்த வருஷம் ரூடி வெர்னைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான். "நீ சும்மா வாடா. காப்பியைக் குடி, கதை பேசு. வில்லை மட்டும் வீட்டுல வச்சிட்டு வா."

"சும்மா உக்காரணும்னா எனக்குச் சொந்தமா வீடு இருக்கு" என்றான் வெர்ன்.

"அங்க உன் பெண்டாட்டி உக்கார விடமாட்டா, அதான் பிரச்சினை" என்றான் மார்கஸ்.

வெர்ன் கோபித்தான், முறைத்தான், கடைசியில் வெட்கத்தை விட்டுக் கெஞ்சினான். ரூடிக்கு இளகின மனசு. நாணை இழுக்க அதிகப் பலம் வேண்டாதபடி வில்லின் இழுவையைக் குறைத்துக் கொடுத்தான். அந்த இழுவைக்குப் பழைய அம்புகள் கனம் என்று, தன் பட்டறையில் உட்கார்ந்து அவனுக்காக மெல்லிய அம்புகள் செய்தான். கைப் பழக்கத்தில், தான் எப்போதும் ஒட்டும் மஞ்சள் இறகையே அதிலும் ஒட்டிவிட்டான். அம்பில் எய்கிறவனின் சீட்டு எண் இருக்க வேண்டும் என்பது நகராட்சிச் சட்டம். அதே பழக்கத்தில் தன் எண்ணையே எழுதியும் விட்டான். "அடுத்த வாரம் அழிச்சு உன்னுதை எழுதிடலாம்" என்று அவன் சொன்னதோடு சரி, இருவரும் மறந்துபோனார்கள்.

"அந்த ஓக் மரம் தெரியுதுல்ல? அதுக்கு அந்தாண்ட நிக்கிறதைத் தொடாதே. உன் தோளுக்கு எட்டாது" என்று மட்டும் எச்சரித்தான்.

இன்னொரு விதியை அவன் சொல்லவில்லை. அது மூவருக்கும் ரத்தத்தில் ஊறியது. அம்பு தப்பான இடத்தில் பட்டுவிட்டால், பட்டவுடனே மற்றவர்களைப் போனில் கூப்பிட வேண்டும். எதிரே எத்தனை பெரிய கொம்பு மான் நின்றாலும் அவர்கள் விட்டுவிட்டு இறங்கி வருவார்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். ஒரு முறை மார்கஸ் அப்படிக் கூப்பிட்டு, மூவரும் மழையில் மண்டியிட்டு இலை இலையாக ரத்தம் தேடி அந்த மானைக் கண்டுபிடித்தார்கள். எதற்கெடுத்தாலும் ஒருவரை ஒருவர் வாரிக்கொள்ளும் கூட்டம் அது. ஆனால் அந்த மழையைப் பற்றி இன்றுவரை ஒரு கேலி வந்ததில்லை.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை மாலை அந்தப் பெண்மான் வந்தது. தனியாக, ஒரு அவசரமும் இல்லாமல், உதிர்ந்த கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டே ஓக் மரத்துக்கு அந்தப் பக்கமாகப் போய் நின்றது. ஓடையோரப் பரணில் இருந்த வெர்ன் வில்லை இழுத்தான். இழுவை குறைந்த வில்தான், ஆனாலும் தோளுக்குள் யாரோ கம்பியைச் சூடேற்றி நுழைத்த மாதிரி இருந்தது. இன்னும் நாலு அடி இந்தப் பக்கம் வா என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டான். அது வரவில்லை. கை நடுங்கத் தொடங்கியது. இறக்கிவிடலாம். இறக்கினால் மறுபடி இழுக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும், இந்த வருஷம் மட்டுமல்ல, ஒருவேளை இனிமேல் எப்போதுமே. அந்த எண்ணம்தான் அவன் விரலை அசைத்தது.

அம்பு பின்தொடையில் தைத்து நின்றது. மான் ஒரு உதை உதைத்து, ஓடையோரமாக, சாலைக்கு அடியில் போகும் குழாயின் பக்கம் ஓடி மறைந்தது. அந்த மஞ்சள் இறகு மரங்களுக்கு நடுவே ஆடிக்கொண்டே போனதை அவன் கடைசிவரை பார்த்தான்.

சட்டைப் பையில் போன் இருந்தது. எடுத்தான், ரூடியின் பெயர் வரை போனான். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று ரூடி சொல்லமாட்டான். அதுதான் வெர்னைத் தின்றது. ஒரு வார்த்தை பேசாமல் விளக்கை எடுத்துக்கொண்டு வருவான், தோளைத் தட்டிக் கொடுப்பான், அடுத்த வருஷம் வில்லைத் தொடாதே என்று கண்ணாலேயே சொல்வான். சதையில் பட்ட காயம்தானே, அம்பு தானே கழன்று விழும், மான் பிழைத்துக்கொள்ளும் என்று வெர்ன் தனக்குத் தானே வக்கீலானான். இறங்கிப் போய்ப் பார்த்தபோது இலைகளில் சில சொட்டு ரத்தம் இருந்தது. காலால் அதன் மேல் இலையைத் தள்ளினான்.

வண்டியருகே ரூடி காப்பி ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்ன வந்துச்சு?" என்றான் மார்கஸ். "எனக்கு ஒரு அணில் வந்துச்சு. என்னைப் பாத்துத் துப்பிட்டுப் போச்சு."

"ஒண்ணும் வரலை" என்றான் வெர்ன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பூசணிக்காய்க்கு நாலு கால் இருந்தால் அதை எந்தச் சோற்றில் மறைப்பது? ஞாயிறு காலை அந்த மான் யாரோ ஒருவர் புல்வெளியில், குழந்தைகளின் ஊஞ்சல் பக்கத்தில், மூன்று காலில் நின்றது. தொடையில் மஞ்சள் இறகு. போட்டோ தெரு முழுக்கப் போனில் சுற்றியது. அம்பில் இருந்த எண்ணை வைத்துப் போலீஸ் ரூடியைக் கூப்பிட்டது. அவன் வீட்டுக்கு வீடு போய்த் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டான். மிஸஸ் பர்டெட் அவன் பேசி முடிக்கும் முன்பே கதவைச் சாத்திவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பகலில் மூவரும் மானைத் தேடப் போனார்கள். மார்கஸ் முகத்தில் கேலி இல்லை.

"உன் அம்புதானே ரூடி?"

"அம்பு என்னோடதுதான். போலீஸ்கிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

"அப்புறம் ஏன்டா கூப்பிடலை? என்னை மழையில மண்டி போட வச்சு, சொல்லிக் குடுத்தவனே நீதானே. உனக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

ரூடி அடுத்த புதரை விலக்கிப் பார்த்தான். சற்று நேரம் நடந்த பிறகு ரூடி தரையைப் பார்த்தபடியே கேட்டான்.

"வெர்ன், ஓடைப் பக்கம் நீதான் உக்காந்திருந்தே. எதையாவது பாத்தியா?"

"இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுடா."

"அதான் சொல்லிட்டேனே, இல்லைன்னு!"

ரூடி தலையாட்டினான். போட்டோ எடுத்த இடத்திலிருந்து மேற்கே தேடினார்கள். மான் சனிக்கிழமை ஓடி மறைந்த குழாய் கிழக்கே இருக்கிறது, அது அங்கேதான் படுத்திருக்கும் என்று தெரிந்த ஒருவன், மற்ற இருவரோடும் சேர்ந்து மேற்கே ஒவ்வொரு புதராக விலக்கிப் பார்த்தான். அதைவிடக் கேவலமான வேலையை வெர்ன் தன் வாழ்நாளில் செய்ததில்லை. செய்துகொண்டிருக்கும்போதே அது அவனுக்குத் தெரிந்திருந்தது.

திங்கள் காலை மார்கஸ் போன் செய்தான். "பள்ளிக்கூட பஸ் நிக்கிற இடத்துக்கே வந்துடுச்சாம்டா. பிள்ளைங்க எல்லாம் ஒரே அழுகை. கால் வீங்கி, இழுத்துக்கிட்டுப் போச்சாம். நான் இனிமே ரூடியோட வரலை. நீ போனாப் போய்க்கோ."

வெர்ன் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக அந்தக் குழாய்க்குப் போனான். அதைத் தாண்டி, மிஸஸ் பர்டெட் நிலத்தின் ஓரத்தில், மழைத்தண்ணீர் தேங்கும் குட்டை ஒன்று உண்டு. அடிபட்ட மான் தண்ணீரைத் தேடும். குட்டையோரக் கோரையில் அது படுத்திருந்தது. அவனைப் பார்த்து எழப் பார்த்தது, முடியவில்லை. தலையை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு அவனையே பார்த்தது. காயத்தின் நாற்றம் அவன் நின்ற இடம்வரை வந்தது.

முடித்துவிடலாம் என்று வண்டிக்குத் திரும்பி வில்லை எடுத்தான். தோள் ஒரு சாண் கூட இழுக்க விடவில்லை. மூன்று முறை முயன்றான். பிறகு போனை எடுத்தான். சனிக்கிழமை எடுத்த அதே போன்தான்.

ரூடி ஒரு கேள்வியும் கேட்காமல் வந்தான். போலீஸிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான். கோரைக்குள் மெதுவாக நடந்து, பக்கவாட்டில் நின்று, ஒரே அம்பில் முடித்தான். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு அதன் கழுத்தில் கை வைத்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தான்.

"ரூடி, அது நான்தான்டா" என்றான் வெர்ன். "ஓக் மரத்துக்கு அந்தாண்ட நின்னுச்சு. கை நடுங்குச்சு. விட்டுட்டேன்."

"தெரியும்."

"எப்போ?"

"போட்டோவைப் பாத்ததுமே. அந்த ஒல்லி அம்பைச் செஞ்சதே நான்டா. எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் கேக்கலை?"

"கேட்டேனே. ரெண்டு தடவை கேட்டேன்."

வெர்ன் நிமிரவில்லை. "உன் பேரைக் கெடுத்துட்டேன். மார்கஸ் உன்னை..."

"என் பேரை விடு!" ரூடி கோபப்பட்டு வெர்ன் பார்த்தது குறைவு. "பேருக்குக் கால் வீங்குமா? சனிக்கிழமை நீ ஒரு போன் பண்ணியிருந்தா நாம இதே குட்டைக்கு அன்னிக்கே வந்திருப்போம். அன்னிக்கே முடிஞ்சிருக்கும். இவ ரெண்டு ராத்திரி இந்தக் காலை இழுத்துக்கிட்டு அலைஞ்சிருக்கா. நீ என்கிட்ட மன்னிப்புக் கேட்டு என்ன பண்றது?"

வெர்ன் மானின் வீங்கிய காலைப் பார்த்தான்.

அடுத்தவர் நிலத்தில் விழுந்த மானை அவரைக் கேட்காமல் தூக்கக் கூடாது. இருவரும் மேட்டில் ஏறி மிஸஸ் பர்டெட்டின் கதவுக்குப் போனார்கள். மணியை அடிக்க ரூடி கையைத் தூக்கினான். வெர்ன் அவனை விலக்கிவிட்டுத் தானே அடித்தான்.

"அம்மா, மான் உங்க குட்டையோரத்துல விழுந்திருக்கு. எடுத்துக்கிட்டுப் போறதுக்கு உங்ககிட்ட கேக்க வந்தோம். அதை எய்தது ரூடி இல்லை. நான். அவர் செஞ்சு குடுத்த அம்பு. எய்துட்டு, யார்கிட்டயும் சொல்லாம இருந்துட்டேன்."

அந்த அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ரூடியிடம், "இவர்தான்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"அதை அவர்தான் சொல்லணும்."

"அந்த மரியாதையெல்லாம் உங்க ரெண்டு பேருக்குள்ள. நான் நேத்து அது பின்னாலேயே தண்ணி வாளியைத் தூக்கிக்கிட்டு நடந்தேன், தெரியுமா? கிட்டப் போகப் போக ஓடுது, அந்தக் காலோட." அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "எடுத்துக்கிட்டுப் போங்க. பரணையும் கழட்டிக்கிட்டுப் போங்க. இனிமே நீங்க யாரும் இங்க வர வேண்டாம்."

"சரிங்கம்மா" என்றான் ரூடி. அவன் கெஞ்சவில்லை.

கறி கெட்டுப்போயிருந்தது. சாப்பிட ஆகாது, நகராட்சி வண்டியில்தான் ஏற்ற வேண்டும். கயிறு கட்டி இருவருமாகச் சாலை வரை இழுத்தார்கள். வெர்ன் வலது கையாலேயே இழுத்தான். வலிக்கட்டும் என்று இழுத்தான். பாதி வழியில், ஏதாவது பேசினால் தேவலை என்று தோன்றி, "நேத்து நீ தூங்கலை போல இருக்கே" என்றான்.

"சமையல்கட்டுல உக்காந்திருந்தேன்."

"விடிய விடியவா?"

"ஆமா. பூட்ஸைக்கூடக் கழட்டலை. விளக்குக்குப் புது பேட்டரி போட்டு வச்சிருந்தேன். நீ கூப்பிடுவேன்னு நினைச்சேன்."

வெர்ன் அப்படியே நின்றுவிட்டான். கயிற்றைப் பிடித்தபடி, குனிந்து, சத்தம் போட்டு அழுதான். ரூடி அவனைச் சமாதானப்படுத்தவில்லை, விட்டுவிட்டுப் போகவும் இல்லை. அழுது முடியும்வரை கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"இடது கையால பிடி" என்றான் பிறகு. "இன்னும் கொஞ்ச தூரம்தான்."