மேவன் ஒழிக்கப்பட்ட வாரம்

கோண அடைப்புக்குறி போட்டு எழுதும் எந்த மொழியாலும் மனித குலத்துக்கு இதுவரை ஒரு நன்மையும் விளைந்ததில்லை. இனி விளையப் போவதும் இல்லை. அப்படி எழுதுகிறவன் முதலில் பொறுமையை இழக்கிறான், பிறகு நண்பர்களை இழக்கிறான், கடைசியில் தலைமுடியை இழக்கிறான்.

இந்த உண்மையை ஒரு திங்கட்கிழமை காலை, பாதி குடித்த டீயோடு, நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டே அறிவித்தவனை நாங்கள் பிரகடனம் என்று கூப்பிடுவோம். வீட்டில் வைத்த பெயர் வேறு. அது அவன் அடையாள அட்டைக்கு மட்டும் உதவியது.

அலுவலகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. மருந்துக் கடைகளுக்கு ஜாவா மொழியில் மென்பொருள் எழுதுகிறோம். எந்த மாத்திரை எப்போது காலாவதி ஆகும் என்று அது சொல்லும். பெட்டியில் ஒட்ட லேபிளும் அடித்துத் தரும். ஆளுக்கொரு மூலையில் எழுதியதை ஒன்று சேர்த்து, சோதித்து, கடைக்காரரின் கணினியில் ஓடுகிற ஒரே பொட்டலமாகக் கட்ட ஒரு கருவி வேண்டும். அதுதான் பில்ட் டூல். எங்களிடம் இருந்தது மேவன். எதை எப்படிக் கட்ட வேண்டும் என்று அதற்கு எக்ஸ்எம்எல்லில், அதாவது மேற்படி < > கோண அடைப்புக்குறிகளில், எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் கட்டும். அரை மணி நேரம் கட்டும்.

எங்களுக்கு அந்த அரை மணி நேரம் ஒரு வரம். பில்ட் ஓடும்போது யாரும் யாரையும் வேலை செய்யச் சொல்ல முடியாது. டெஸ்டர் அக்காவுக்குத்தான் அது சாபம். மாலையில் கடைசி பில்ட் முடிந்து, அதை அவர் ஒருமுறை ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் அன்றைய வேலை முடிந்ததாக அர்த்தம். அதற்குள் அவருடைய மகளை விட்டிருக்கும் குழந்தைகள் காப்பகம் மூடும் நேரம் ஆகிவிடும். நாலு வயது. தினமும் எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்குமாம். யாராவது கேட்டால், "அம்மாவோட பில்ட் இன்னும் முடியல" என்று சொல்லுமாம்.

"சிரிக்காதீங்கடா," என்றார் அக்கா. "நேத்து காப்பகத்துல கூப்பிட்டுப் பேசிட்டாங்க. இந்த வாரமும் லேட்டா வந்தா, வேற இடம் பாத்துக்கணுமாம். எங்க வீட்டுப் பக்கம் வேற இடமே கிடையாது. நான் வேலைய விடுறதா, பிள்ளைய விடுறதா?"

யாரும் சிரிக்கவில்லை. பிரகடனம் டீயைக் கீழே வைத்தான். அவன் டீயைக் கீழே வைப்பது அபூர்வம்.

"அக்கா, ரெண்டு நாள் குடுங்க. மேவன ஒழிச்சிடறேன். கிரேடில்னு ஒண்ணு இருக்கு. அது மூளையுள்ள கருவி. மாறினத மட்டும் கட்டும், மாறாதத ஞாபகம் வச்சுக்கும். மேவன் எப்படித் தெரியுமா? ஒரு சட்டைல பட்டன் போச்சுன்னா பீரோவையே துவைக்கும்."

உள் அறையிலிருந்து லீட் எட்டிப் பார்த்தார். குழுவுக்குத் தலைவர், அதிகம் பேசமாட்டார், பேசினால் வேலை சொல்வார்.

"பண்ணு. ஆனா மேவன் ஃபைலு எதையும் அழிக்காத. வெள்ளிக்கிழமை கடைங்களுக்குப் புது ரிலீஸ் போகணும்."

"எதுக்கு அண்ணா வச்சிருக்கணும்? மியூசியத்துக்கா?"

"அழிக்காதன்னு சொன்னேன்."

இரண்டு நாள் பிரகடனம் தலை நிமிரவில்லை. எங்கள் மென்பொருளின் பகுதிகளான மாட்யூல்கள் ஒவ்வொன்றையும் கிரேடிலுக்கு மாற்றினான். இடையிடையே பக்கத்து மேஜையில் இருந்த எனக்கு அறிவிப்புகள் வந்தன. "இத பாரு, மேவன்ல இருபது வரி. இங்க ஒரே வரி." "கோண அடைப்பு இல்லாத வாழ்க்கை எவ்வளவு அமைதியா இருக்கு தெரியுமா?" எனக்குத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் அவன் பேச்சு இருந்தது.

புதன்கிழமை மாலை எல்லோரையும் தன் கணினியைச் சுற்றி நிற்க வைத்தான். முதல் பில்ட் முழுசாகத்தான் ஓடும், இரண்டாவதில்தான் மகிமை என்றான். முதல் பில்ட் முடிந்தது. ஒரே ஒரு வரியை மாற்றினான். கட்டளையைத் தட்டினான். கைகளைக் கட்டிக்கொண்டு சாய்ந்தான்.

அரை மணி நேரம் ஆனது.

"மெஷின் சூடாயிருக்கு," என்றான். விசிறியைத் திருப்பி வைத்தோம். மறுபடி தட்டினான். அதே கதை. இணையத்தைச் சந்தேகப்பட்டான். ஜன்னல் வழியாக விழுந்த வெயிலைச் சந்தேகப்பட்டான். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரத்தால் மின்சாரம் குறைகிறதோ என்றும் கேட்டான். லீட் உள்ளே போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் கூடத் தேவலை.

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். அன்றும் தாமதம்தான். படியிறங்கப் போனவர், டெஸ்டர் புத்தி, திரையைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார்.

"தம்பி, இது மாறாதத ஞாபகம் வச்சுக்கும்னு சொன்னல்ல?"

"ஆமாக்கா."

"அப்ப ஒவ்வொரு தடவையும் முதல்ல கிளீன்னு எதுக்கு அடிக்கிற?"

கிளீன் என்றால் முன்பு கட்டியதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கு என்று பொருள். எங்கள் அலுவலகத்தில் யாரும் அதைத் தட்டாமல் பில்ட் போட்டதில்லை. எப்போதோ ஒரு பழைய கோப்பு மிச்சமிருந்து ஏதோ ஒரு வம்பு பண்ணியதாம். அந்த வம்பு என்னவென்று யாருக்கும் தெரியாது. சாப்பிடும் முன் கை கழுவுவது போல விரல்கள் தாமாகத் தட்டிவிடும். பிரகடனம் கருவியை மாற்றினான், மொழியை மாற்றினான், விரலை மட்டும் மாற்றவில்லை. ஞாபகசக்தி உள்ள கருவியைக் கொண்டுவந்து, அதன் தலையில் ஒவ்வொரு முறையும் ஒரு போடு போட்டுவிட்டு, உனக்கு ஏன் எதுவும் ஞாபகமில்லை என்று விசாரித்திருக்கிறான்.

அவன் அந்த ஒரு வார்த்தையை நீக்கிவிட்டுத் தட்டினான். டீக்குச் சொல்லி அனுப்ப வாயைத் திறப்பதற்குள் பில்ட் முடிந்துவிட்டது.

"அக்கா!" என்று, அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தவரைத் தேடிப் படிக்கட்டு வரை ஓடினான். "நாளையிலேருந்து பாப்பா உங்களுக்காகக் காத்திருக்கறதில்ல, நீங்க போய் அவளுக்காகக் காத்திருக்கப் போறீங்க!"

வியாழக்கிழமை காலை அவன் நடையே வேறாக இருந்தது. மதியம் வரை.

மதியம் அக்கா ஒரு லேபிளைக் கொண்டுவந்து அவன் மேஜையில் வைத்தார். காலாவதி தேதியில் வருடத்தின் கடைசி இலக்கம் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது.

"மேவன்ல கட்டினா நல்லா வருது. உன்னோடதுல கட்டினா இப்படி."

"நான் லேபிள் பக்கமே போகலக்கா. ஒரு எழுத்து கூட மாத்தல."

உண்மைதான். அவன் மாற்றவில்லை, கருவி மாற்றியிருந்தது. லேபிள் அச்சடிக்க நாங்கள் அடுத்தவர் எழுதி வைத்த ஒரு நிரல் தொகுப்பை, அதாவது லைப்ரரியை, பயன்படுத்துகிறோம். எங்கள் மென்பொருளின் ஒரு பகுதி அதன் பழைய பதிப்பைக் கேட்கும், இன்னொரு பகுதி புதியதைக் கேட்கும். இப்படிச் சண்டை வந்தால் மேவன் நமக்கு யார் நெருங்கிய உறவோ அவர் கேட்டதைக் கொடுக்கும். கிரேடில் இருப்பதிலேயே புதியதைக் கொடுக்கும். இரண்டுமே நியாயமான வழக்கம்தான். ஆனால் எங்கள் லேபிளின் அளவெல்லாம் பழைய பதிப்பை நம்பி எழுதப்பட்டிருந்தது.

"சரி பண்ணிடலாம் அண்ணா," என்று லீடிடம் போய் நின்றான். "எந்தப் பதிப்பு வேணும்னு அடிச்சுச் சொல்லிட்டா கேக்கும்."

"இது ஒண்ணுதான்னு உறுதியாச் சொல்வியா? வேற எதையாவது மாத்தியிருந்தா?"

பிரகடனம் வாழ்க்கையில் முதல் முறையாக எதையும் அறிவிக்கவில்லை.

"மாத்திரைத் தேதிடா. விளையாட முடியாது. நாளைக்கு ரிலீஸ் மேவன்லதான். கிரேடில அடுத்த மாசம் நிதானமாக் கொண்டு வருவோம், நீயே பண்ணு. நல்ல வேலைதான், நான் இல்லன்னு சொல்லல."

"அப்ப அக்கா?"

இருவரும் கண்ணாடிக் கதவு வழியாக அக்காவைப் பார்த்தார்கள். அவர் காப்பகத்துக்குப் போன் பண்ணி, குரலைத் தாழ்த்தி, "இன்னும் ஒரு நாள் மட்டும் மேடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பிரகடனம் எனக்கு முன்பே வந்திருந்தான். அறிவிப்பு எதுவும் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். திரையை என் பக்கம் தெரியாதபடி கொஞ்சம் திருப்பி வைத்திருந்தான்.

"என்னடா பண்ற?"

"ஒண்ணுமில்ல. உன் வேலையப் பாரு."

மாலை கடைசி பில்ட்டை அவனே போட்டான். மேவனில். ரிலீஸுக்கு எல்லாம் புதிதாகத்தான் கட்ட வேண்டும் என்று லீட் சொன்னதால் கிளீனும் உண்டு. நாங்கள் வழக்கம்போல் கால் நீட்டி உட்கார்ந்தோம். நீட்டிய கால் மரத்துப்போவதற்குள் முடிந்தது என்று திரை சொன்னது. ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்று ஓடி, அந்த அரை மணி நேரத்தைத் தின்றுவந்த சோதனைகள் நாலு நாலாகச் சேர்ந்து ஓடியிருந்தன.

லீட் எட்டிப் பார்த்தார். "யாருடா பண்ணது?"

பிரகடனம் காலி டீக் கோப்பையை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தான்.

அக்கா லேபிள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தேதிகள் முழுசாக இருந்தன. சரி என்றார். பையை எடுத்தார். வெயில் இன்னும் ஜன்னலில் இருக்கும்போதே அவர் படியிறங்குவதை அன்றுதான் பார்த்தோம்.

கொஞ்ச நேரத்தில் அவனுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான். பின்னணியில் பிள்ளைகளின் கூச்சல்.

"தம்பி, இன்னும் நிறைய பசங்க இருக்காங்கடா. மேடம் என்னப் பாத்துட்டு, யாரு நீங்கன்னு கேக்காத குறை. இவ வர மாட்டேங்கறா! பில்ட் முடிஞ்சிடுச்சு வாடின்னா, நீ போய் இன்னொண்ணு போட்டுட்டு வாங்கறா!"

எல்லோரும் சிரித்தோம். லீட் கூட. சிரிப்பு அடங்கியதும் ஆளாளுக்குப் பையைத் தேடினோம். பிரகடனம் மட்டும் எழுந்திருக்கவில்லை. சோதனைகளை நாலு நாலாக ஓட வைக்க இன்னும் இரண்டு மாட்யூல்கள் பாக்கி இருந்தன போலும்.

திரையை மறைக்க மறந்துவிட்டான். ஒரு கோண அடைப்பைத் திறந்தான், உள்ளே எழுதினான், ஒரு சாய்கோடு போட்டு மூடினான். வரி கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. இரண்டு தட்டுத் தட்டி, மேல் வரிக்கு நேராக இழுத்து வைத்துவிட்டு, அடுத்ததைத் திறந்தான்.