மோதாமல் உடைந்தவை

வெள்ளிமலையில் உறவினர் வீட்டில் துக்கம் விசாரித்துவிட்டு மார்கரெட்டும் மகள் லிடியாவும் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஆடிய ஆட்டம்கூட லிடியாவுக்கு உறைக்கவில்லை. மடியில் லேப்டாப், மண்டையில் குழப்பம்.

மெத்தனால் மூலக்கூறுகளுக்கு மின்னேற்றி, அந்த அயனிகளை ஆர்கான் வாயுவின் அணுக்கள்மேல் மோதவிட்டு, எத்தனை உடைகின்றன என்று எண்ணுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. போன வாரம் வாயுவைச் சுத்தமாக மூடிவிட்டு எண்ணிப் பார்த்தாள். அப்போதும் துண்டுகள் வந்தன. மோத ஆளே இல்லை, பிறகு எதில் மோதி உடைந்தன? குழாயில் கசிவா, கருவியில் கோளாறா, இல்லை தன் மூளையில்தானா? மூன்று வருட உழைப்பு அந்தரத்தில் தொங்கியது. திங்கட்கிழமை பேராசிரியருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

“இன்னாடி, அந்தப் பொட்டியயே மொறைச்சிகினு வர?” என்றாள் மார்கரெட்.

லிடியா விளக்கினாள். மெத்தனால் என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிட்டாள். அந்தச் சனியன் கலந்த சாராயத்தில்தான் அப்பா போனார். அவர்கள் வசிக்கும் கருணாபுரத்தில் அந்தப் பெயர் தெரியாத குழந்தை கிடையாது.

“மோதாமயே ஒடையுதா?”

“செலது பொறக்கும்போதே சூடா பொறக்குது போல. வழியிலயே தானா ஒடைஞ்சிடுதோ இன்னாவோ. ஒண்ணும் புரியலம்மா.”

“அப்ப மோதி ஒடைஞ்சது எது, தானா ஒடைஞ்சது எதுன்னு எப்டிப் பிரிப்ப?”

பேராசிரியர் கேட்டதும் இதையேதான். அம்மாவுக்குச் சொல்லும்போதே விடை பிடிபட்டது. “வாயுவத் தொறந்து ஒருவாட்டி, மூடி ஒருவாட்டி எண்ணணும். மூடினப்பவும் ஒடைஞ்சது எப்டியும் ஒடைஞ்சிருக்கும். அத்தக் கழிச்சிடணும்.”

மார்கரெட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அன்னிக்கி ஒங்கப்பா கொழம்புல உப்பு ஜாஸ்தின்னாரு. எங்கனா போயி சாவுய்யான்னேன். தட்டுலயே கையக் கழுவிட்டு எழுந்து போனாரு. நான் அப்டிச் சொல்லாம இருந்திருந்தா?”

இதில் அந்தச் சொல்லை மூடிவைத்து இன்னொரு தடவை பார்க்க லிடியாவுக்கு வழியில்லை. அந்த நாள் ஒரே ஒரு முறைதான் நடந்தது. தினமும் குடிக்கிற மனுஷன், அன்றைக்கும் போயிருப்பார். இல்லை, சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் படுத்திருப்பார். எது என்று அவளுக்குத் தெரியவே இல்லை. அளக்காத எண்ணை அவள் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

“அப்பவும் போயிருப்பாரும்மா.”

“நெசமாவா? எண்ணிப் பாத்தியா?”

“பாத்தேம்மா” என்றாள் லிடியா.