ஆறாவது வேட்டு

"இது சுடுமா, இல்ல சும்மா இடுப்புல தொங்கவிட்டு அழகு பாக்கத்தானா?"

ஓடைக்கு அக்கரையில் குடியிருக்கும் பர்ல் எவர்சோல், ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒஸெல்லாவிடம் கேட்ட முதல் கேள்வி இது. செத்துப்போன அப்பாவின் வீட்டுக்கு ஒரு பெட்டியும் ஒரு இரும்புச் சட்டியுமாக அவள் குடிவந்த மறுநாள் அது. புதிதாக வந்தவளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு புட்டி சோளப்பாகோடு வந்த பர்ல், அவள் இடுப்புத் தோலுறையிலிருந்த கைத்துப்பாக்கியைப் பார்த்ததும் வந்த காரியத்தை மறந்துவிட்டார். ஜாண் நீளக் குழல், பித்தளைக் காப்பு, மரப்பிடி. அவருடைய தாத்தாவுக்குத் தாத்தா காலத்து மாதிரி. ஆனால் செய்து மூன்று வருஷம்கூட ஆகாத நகல்.

ஒஸெல்லாவுக்கு வாயால் பதில் சொல்வது எப்போதும் சிரமம். காலி பீன்ஸ் டப்பா ஒன்றை எடுத்துப்போய் முற்றத்துக் கோடியிலிருந்த அடிமரத்தின் மேல் வைத்தாள். இருபது அடி பின்னால் வந்தாள். சுட்டாள். வெள்ளைப் புகை ஒரு போர்வை மாதிரி எழுந்து இரண்டு பேரையும் மூடியது. அழுகிய முட்டை நாற்றம். புகை கலைந்தபோது டப்பா இருந்த இடத்தில் டப்பா இல்லை.

"கேட்டது தப்புதான் தாயீ," என்றார் பர்ல், நல்ல காதைத் தேய்த்துக்கொண்டே. அவருக்கு இடது காது கேட்காது. "இந்தா, பாகு."

காவலுக்கு ஒரு துப்பாக்கி வேண்டும் என்றால் டென்னஸி மலையில் மற்றவர்கள் கடைக்குப் போய் வாங்கிக்கொள்வார்கள். ஒஸெல்லாவால் முடியாது. இருபத்திரண்டு வயதில், இருமல் மருந்து வாங்கி வருகிறேன் என்று இறங்கிய புருஷனுக்காக மருந்துக்கடை வாசலில் வண்டியை ஓடவிட்டுக்கொண்டு காத்திருந்தவள் அவள். லான்ஸோ வாங்கி வரவில்லை. கடைக்காரன் மண்டையில் அடித்துவிட்டு அலமாரியை வழித்து அள்ளிக்கொண்டு ஓடிவந்தான். அவனுக்கு நீண்ட தண்டனை; வண்டி ஓட்டியவளுக்கு நாலு வருஷம். சிறை போய் வந்தவள் துப்பாக்கியைத் தொட்டால் மறுபடியும் சிறை.

ஆனால் கருமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை வைத்து இடித்து, அடித்தால் பொறி பறக்கும் செம்புக் கேப்பு மாட்டிச் சுடுகிற பழைய மாதிரிச் சாமான் சட்டப்புத்தகத்தில் துப்பாக்கிக் கணக்கில் வராது. அது பழம்பொருள். வக்கீலுக்கு மூன்று கடிதம் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி, அதை பைபிளுக்குள் மடித்து வைத்த பிறகுதான் அவள் அதைத் தபாலில் வரவழைத்தாள். யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை. அவளுடைய இடது மணிக்கட்டைப் பார்த்தவர்களுக்குக் கேட்கத் தோன்றாது. லான்ஸோ ஒருமுறை அதைச் சமையலறை மேஜையின் விளிம்பில் வைத்து வளைத்திருந்தான். கோணலாகவே கூடிவிட்டது. சிறையில் இருந்தபடியே அவனை விவாகரத்து செய்தாள். ஆனாலும் அவன் ஒருநாள் வெளியே வருவான் என்பது அந்தக் கோணலில் தினமும் வலித்தது.

பள்ளத்தாக்கில் ஓடையின் பனி எதையும் விடாது. உப்பு ஈரமாகும், தீக்குச்சி ஈரமாகும், மருந்தும் ஈரமாகும். அதனால் ஞாயிறுதோறும், மதியச் சாப்பாடு முடிந்ததும், வாரம் முழுக்க இடுப்பில் கிடந்த மருந்தைச் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிதாக மருந்து கெட்டிப்பாள். உருளையில் ஆறு அறை. நிரப்புவது ஐந்தைத்தான். ஒன்று காலியாக இருக்கும். கேப்பை அடிக்கும் துப்பாக்கிக் குதிரை அந்தக் காலி அறையின் மேல்தான் படுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தவறிக் கீழே விழுந்தாலே வெடித்துவிடும். ஆக, ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து வேட்டு.

"அஞ்சு கேட்டா நீ நல்லா இருக்கன்னு அர்த்தம்," என்று பர்ல் சொல்லியிருந்தார். "நாலு கேட்டா, கை வெந்துபோச்சான்னு பாக்க வருவேன். ஆறு கேட்டாலும் வருவேன்."

"ஆறு எதுக்கு?"

"ஆறு ரொப்புறவ நீ இல்ல. ஆறு கேட்டா ஏதோ சரியில்லைன்னு அர்த்தம்."

அவர் சொன்னதற்குத் தலையாட்டினாள். ஆறு வருஷமாக ஐந்துதான் கேட்டது. அக்கரையிலிருந்து ஒரு தடவைகூட யாரும் வரவேண்டியிருக்கவில்லை.

அக்டோபர் மாத ஞாயிறு ஒன்றில், ஐந்தும் சுட்டாகிவிட்டது. வெந்நீரும் சோப்பும் விட்டுக் குழலைக் கழுவி, துடைத்து, அடுப்பின் மேல் காயவைத்து, எண்ணெய் தொட்டு, முற்றத்துப் பலகை மேஜைக்குக் கொண்டுவந்திருந்தாள். பித்தளை மருந்துக்குடுவை, ஈயக்குண்டு டப்பா, மெழுகுக் கிண்ணம், கேப்புத் தகரம், எல்லாம் வரிசையாக. முதல் அறையில் மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, குழலுக்கு அடியில் மடிந்திருக்கும் இடிகோலை இறக்கினாள். குண்டின் ஓரம் மெல்லிய ஈய வளையமாகச் சீவப்பட்டு மேஜையில் விழுந்தது. மேலே மெழுகைத் தடவினாள். இரண்டாவது அறையும் அப்படியே.

"இன்னும் ரெண்டுதான் ஆச்சா? உங்கப்பன் இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பான்."

வேலிக் கதவருகே லான்ஸோ நின்றான். முடி நரைத்திருந்தது. உடம்பு வற்றியிருந்தது. சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பு. கையில் ஒரு காகிதப் பையும் மடித்த ஒரு தாளும் வைத்திருந்தான்.

ஒஸெல்லாவின் கை நிற்கவில்லை. இரண்டாவது அறையின் மெழுகை விரலால் வழித்து விட்டாள்.

"எப்படி வந்த?"

"நடந்துதான். பெட்ரோல் பங்குல கேட்டேன். ஞாயித்துக்கிழமை சாப்பாடு முடிஞ்சா அஞ்சு வேட்டு போடுவா, மணி பாத்து வெச்சுக்கலாம்னு சொன்னாங்க. ரோட்டு முனைல உக்காந்து எண்ணிக்கிட்டே இருந்தேன். அஞ்சு ஆனதும் எந்திரிச்சேன்." அவன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். "கழுவி, காயவெச்சு, கெட்டிக்க எப்படியும் அரைமணி ஆகும்னு எனக்குத் தெரியாதா ஒஸி? உங்கப்பன்கூட எத்தன ஞாயிறு சுட்டிருக்கேன்."

தன் வழக்கத்தை வைத்தே தன்னைப் பிடித்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. காவலுக்கு என்று வைத்திருந்த சாமான் வாரத்தில் அரைமணி நேரம் வெறும் இரும்பு. அந்த அரைமணி எப்போது என்று ஊர் முழுக்கக் கேட்கும்படி அவளே அடித்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

லான்ஸோ மேஜைக்கு எதிரே கிடந்த ஒரு கட்டையில் உட்கார்ந்தான். தாளைப் பிரித்து மேஜையில் வைத்தான்.

"பரோலுக்கு ஒரு விலாசம் வேணும். இல்லாட்டி அந்த டவுன் விடுதியில எட்டு பேரோட ஒரே ரூம்ல கெடக்கணும், ராத்திரி எல்லாம் ஒருத்தன் அழறான். நாளைக்குக் காலைல ஆபீசர் உனக்கு போன் பண்ணுவார். 'ஆமா சார், இங்கதான் இருப்பான்'னு ஒரு வார்த்தை. கீழ ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"மாட்டேன்."

"அவசரப்படாத. போன் வர்ற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன். நான் பக்கத்துல இருந்தா நீ நல்லாப் பேசுவ."

இதை அவன் சத்தமில்லாமல், பக்கத்து வீட்டில் பாகு கேட்கிறவன் மாதிரிச் சொன்னான். அவன் குரல் உயர்ந்தால் அவளுக்கு அவ்வளவு பயம் இருக்காது. அன்று மேஜை விளிம்பில் கையை வளைப்பதற்கு முன்னால் வந்ததும் இந்தக் குரல்தான். கையெழுத்துப் போட்டால் இந்த வீட்டில் மறுபடியும் அவன் செருப்பு கிடக்கும்.

மூன்றாவது அறையைத் திருப்பினாள்.

"கை எப்படி இருக்கு?" என்றான் லான்ஸோ. "பனி நேரத்துல வலிக்குதா?"

குண்டை வைத்தாள். இடிகோலை இறக்கினாள். மணிக்கட்டு சுரீர் என்றது. மெழுகைத் தடவினாள். லான்ஸோ வாய்விட்டுச் சிரித்தான்.

"அடியே, அதுல மருந்தே போடல நீ!"

ஒஸெல்லா குடுவையைப் பார்த்தாள். போட்டோமா? கை பழக்கத்தில் போட்டிருக்கும். போடாமல் இருந்திருந்தால் குண்டு கூடுதலாக ஒரு விரல்கடை உள்ளே போயிருக்கும். வலியில் அதைக் கவனிக்கவில்லை. இப்போது மேலே மெழுகு. இவன் பொய் சொல்கிறவன்; ஆனால் துப்பாக்கி விஷயத்தில் கண் தப்பாதவன். அவள் அவனை வெறித்தபடியே உருளையைச் சுற்றி மூன்று அறைகளுக்கும் கேப்பு மாட்டினாள். மாட்டி முடித்தபோது எது முதல், எது மூன்றாவது என்பது போய்விட்டது. மூன்றும் ஒரே மாதிரி மஞ்சள் மெழுகு.

"இப்ப மருந்தில்லாதது எந்த அறைனு உனக்கே தெரியாது," என்று சொல்லிக்கொண்டே அவன் எழுந்தான். "எனக்கும் தெரியாது. சுடுவியா? சுடு பாப்போம். சுட்டா நான் போய்ச் சேருவேன், நீ திரும்ப உள்ள போவ. சுடாட்டி நான் உள்ள போறேன். அடுப்புல பீன்ஸ் வாசம் வருது."

அவன் வீட்டு வாசலைப் பார்த்து இரண்டு அடி எடுத்துவைத்தான்.

அவன் சொன்னது சரிதான். அவன்மேல் குண்டு பட்டால், பழம்பொருளோ புதுப்பொருளோ, எந்த வக்கீல் கடிதமும் அவளைக் காப்பாற்றாது. ஆறு வருஷமாக அந்தக் கனத்தைச் சுமந்திருக்கிறாள். ஒரு நாளும் யாரையும் பார்த்து நீட்டியதில்லை. இப்போதும் நீட்டத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது வேறு. பர்ல் சொன்ன கணக்கு.

அவள் குதிரையை இழுத்தாள். குழலை அவனிடமிருந்து விலக்கி, அடிமரத்தைப் பார்த்து விசையை அழுத்தினாள்.

டப். கேப்பு மட்டும் பொரிந்தது. கடலை வெடித்த சத்தம்கூட இல்லை.

"சொன்னேன்ல!" லான்ஸோவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நான் பொய் சொல்லுவேன்னுதானே நெனச்ச?"

"ஆமா," என்றாள் ஒஸெல்லா. மறுபடியும் குதிரையை இழுத்து, மறுபடியும் மரத்தையே பார்த்து அழுத்தினாள்.

பள்ளத்தாக்கின் இரண்டு பக்க மலைகளும் அதிர்ந்தன. புகை எழுந்து நடுவில் நின்றது. லான்ஸோ தலையைக் கைகளால் பொத்திக்கொண்டு குந்தியிருந்தான். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் மெதுவாக எழுந்தான்.

"மரத்தையா சுடற? பைத்தியமா நீ? இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

அந்த ஒன்றை அவள் வைத்துக்கொண்டாள். குழலைத் தரையைப் பார்த்துத் தாழ்த்தியபடி காது கொடுத்தாள். ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. ஞாயிறு மதியம் பர்ல் சோபாவில் தூங்குவார். நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுத்திருந்தால் பீரங்கி வெடித்தாலும் எழமாட்டார். ஒஸெல்லா மனதுக்குள் எண்ணினாள். பத்து. இருபது. லான்ஸோ வாசற்படியில் ஒரு காலை வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து, காலை அங்கேயே வைத்திருந்தான்.

"எதுக்குக் காத்திருக்க?"

நாற்பது எண்ணியபோது அக்கரையில் ஒரு கதவு படாரென்று சாத்தப்பட்டது. பிறகு பழைய லாரி ஒன்று இருமி, இருமி, கிளம்பியது. ஓடைத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இந்தப் பக்கம் ஏறியது.

பர்ல் சட்டைக் காலரில் சொருகிய துண்டோடு இறங்கினார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி ஐவா, கோழிக்குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே இறங்கினாள்.

"ஐவா இடுப்புல குத்தி எழுப்பிட்டா," என்றார் பர்ல், லான்ஸோவைப் பார்க்காத மாதிரி. "'ஏங்க, ஆறு'ன்னா. 'அஞ்சுதாண்டி, நீ கரண்டியைக் கீழ போட்டிருப்ப'ன்னேன். ஒஸெல்லா, நீயே சொல்லு. அஞ்சா, ஆறா?"

"ஆறு," என்றாள் ஒஸெல்லா.

"பாத்தியா?" என்றாள் ஐவா. "நாப்பது வருஷமா என் கணக்குலதான் இந்த மனுஷனுக்குச் சந்தேகம்." கரண்டியால் லான்ஸோவைச் சுட்டிக்காட்டினாள். "இவந்தானா அது? உன் கைய ஒடிச்சவன்?"

ஒஸெல்லா துப்பாக்கியை மேஜையில் வைத்தாள். தாளை எடுத்து, கையெழுத்துக் கோடு வெறுமையாகவே இருக்க, நான்காக மடித்து லான்ஸோவிடம் நீட்டினாள். இந்தத் தடவை பேசுவது சிரமமாக இல்லை.

"காலைல அவரு போன் பண்றதுக்கு முன்னால நானே பண்ணுவேன். நீ இங்க வந்தத சொல்லுவேன். விலாசம் கெடையாதுன்னும் சொல்லுவேன். இவங்க ரெண்டு பேரும் பக்கத்துல இருப்பாங்க. நல்லாப் பேசுவேன்."

பர்ல் லாரியின் கதவில் சாய்ந்து துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். ஐவா கரண்டியை இறக்கவில்லை.

லான்ஸோ வாசற்படியிலிருந்து காலை எடுத்தான். மேஜையில் கிடந்த ஈய வளையங்களைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு தாளை வாங்கிக் காகிதப் பைக்குள் திணித்துக்கொண்டு, வேலிக் கதவைச் சாத்தாமல், வந்த வழியே இறங்கி நடந்தான்.