ஆறரை வோல்ட்

இரண்டு தோளும் கழன்று விழுந்துவிடும்போல வலித்தது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு அம்மா கிடந்த கட்டிலின் கால்மாட்டைத் தூக்கினாள். தலைமாட்டில் அத்தை. கூடத்தில் போட்டால்தான் வருகிறவர்கள் நிற்க இடமிருக்கும். சலவை ஆலையில் நேற்று அவளுக்கு இரட்டை ஷிப்ட். ஈரப் போர்வைகளை அள்ளிப் போட்ட கை இன்னும் நிமிரவில்லை.

"ஒரு வாய் சோறு முழுசா தின்னமாட்டா. செத்த பிறகு இந்தக் கனம் கனக்கிறா" என்றாள் அத்தை, மூச்சு வாங்க.

அப்பா கை கொடுக்க வரவில்லை. மூட்டை சுமந்தே போன முதுகு அது. இப்போது இரவுக் காவல் வேலை. காலையில் வந்து முதலில் பார்த்தவர் அவர்தான்.

"பெல் அடிக்கலையா?" என்றாள் அத்தை.

தான் இல்லாத இரவுகளில் படுக்கையில் கிடந்த அம்மா கூப்பிட அப்பாவே செய்த பெல். அம்மாவின் கையில் பட்டன், மகளின் தலைமாட்டுச் சுவரில் பஸ்ஸர், நடுவில் ஒன்பது வோல்ட் பேட்டரி. எலக்ட்ரானிக்ஸ் புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று விற்கும் பெட்டியை வாங்கி, ரெசிஸ்டர் போடாமல் எல்இடிகளைக் கருக்கி, விரலையும் சுட்டுக்கொண்டு கற்ற வேலை.

"எனக்குக் கேக்கல அத்தை."

"அடிச்சுக் கேக்கலையா, அடிக்கவே இல்லையா?"

காலையிலிருந்து மகளும் தன்னிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இரு அக்கா, பாத்துச் சொல்றேன்" என்று அப்பா பெல்லைக் கழற்றி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

டம்ளர் கழுவும் சாக்கில் அவளும் பின்னால் போனாள். அப்பா வோல்ட் மீட்டரின் சிவப்பு ஊசியையும் கறுப்பு ஊசியையும் பேட்டரியில் வைத்தார். அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். ஆறரை. நேற்று ராத்திரி அவள் வந்த பிறகுதான் புதுப் பேட்டரி போட்டுவிட்டு அப்பா வேலைக்குக் கிளம்பினார். அப்போது ஒன்பதரை காட்டியதைப் பெருமையாக அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். சும்மா கிடக்கும் பேட்டரி ஒரே ராத்திரியில் இப்படி இறங்காது. பெல் மணிக்கணக்காகக் கத்தியிருக்க வேண்டும்.

அவள் குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பின்னால் சுவிட்ச் போடும் சத்தம் கேட்டது. ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் சூடேற நேரம் பிடித்தது. பிறகு பிசின் கருகும் வாசனை. ஓரக்கண்ணால் பார்த்தாள். பளபளவென்று உறுதியாக ஒட்டியிருந்த ஈயத்தைத் தொட்டு உருக்கி, அப்பா வயரை உருவி எடுத்தார். அவள் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள்.

வாசனை பிடித்து அத்தை வந்துவிட்டாள். "பொண்டாட்டி அங்க கிடக்கா, நீ இங்க என்னத்தடா பத்த வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க?"

"சூடு காட்டித்தான் பாத்தேன்கா. ஜாயின்ட் சரியா ஒட்டல, கையோட வந்திருச்சு. அவ அமுக்கியிருப்பா. கரண்ட் போயிருக்காது. நம்ம கைவேலை லட்சணம் அது."

"வயசான காலத்துல உனக்கு எதுக்குடா இந்த விளையாட்டுன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கடையில ஒண்ணு வாங்கி மாட்டியிருந்தா இவ இருந்திருப்பா."

"ஆமாக்கா."

வந்தவர்களிடமெல்லாம் அத்தை அதைச் சொன்னாள். வாசலில் நின்ற அப்பா ஒவ்வொரு தடவையும் தலையாட்டினார். ஒருவர், "சும்மா இருந்திருக்கலாம்ல நீங்க" என்றார். அதற்கும் தலையாட்டினார்.

நடுவில் ஒருமுறை மகளிடம் வந்தார். "கொஞ்சம் போய்ப் படும்மா. ரெண்டு ஷிப்ட் பாத்த உடம்பு."

"இருக்கட்டும்ப்பா."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

எதிர்வீட்டுக்காரி உள்ளே வந்தாள். அத்தை மூக்கைச் சிந்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். மகள் வாயைத் திறந்தாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து எதிர்வீட்டுக்காரிக்குப் போட்டாள்.

'பெல் அடித்தது, நான்தான் எழுந்திருக்கவில்லை.' இத்தனை பேர் முன்னால் அந்த ஒரு வார்த்தையை அவள் அப்பாவுக்குத் தர வேண்டும். அது பாக்கி.