கோட்டின் பின்பக்கம்

தத்சுரோ மூன்றாவது தடவையாக டையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டு வாசலில் செருப்பு கழற்றும் இடம் ஒரு படி தாழ்வு. அவன் அங்கே புது ஷூவோடு நின்று சுவர்க் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் படிக்கு மேலே அவன் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நான் அதுவரை பார்க்காத அடர்நீல சூட், அதே துணியில் வெயிஸ்ட்கோட், மார்புப் பையில் மடித்துச் செருகிய பட்டுக் கைக்குட்டை. நாற்பத்தேழு வயது. தோயாமா மாநகராட்சியின் கழிவுநீர்ப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் சாம்பல் நிற வேலைச் சட்டையில் கிடந்தவன். ஏப்ரலில் வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், வெளியூர்க்காரர்களை இங்கே குடியேறச் சொல்லி அழைக்கும் வேலை. அன்றிலிருந்து ஐயாவுக்கு உடுப்புப் பைத்தியம் பிடித்துவிட்டது. நேரில் அவனை நான் 'நீங்க' என்றுதான் சொல்வேன். மனதுக்குள் மட்டும் நாலு நாளாக 'அவன்'.

"சனிக்கிழமை கூட வேலையா?" என்றேன்.

"குடியேற வர்றவங்களுக்கு ஒரு கூட்டம். நாமதான் ஊரோட முகம். உடுப்பு முக்கியம்."

அப்போதுதான் அதைப் பார்த்தேன். கோட்டின் பின்புறம், கீழே துணி இரண்டாகப் பிரியும் இடத்தில், வெள்ளை நூலில் பெரிய பெருக்கல் குறி. கடையில் தொங்கும்போது அந்தப் பிளவு விரிந்து கசங்கிவிடாமல் இருக்கப் போடும் தையல். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வெட்டி எடுத்துவிட வேண்டும். இது தெரியாமல் அப்படியே மாட்டிக்கொண்டு திரிகிறவர்களை வருடத்துக்குப் பத்துப் பேராவது டிராமில் பார்க்கிறேன். பெரும்பாலும் முதல் வேலைக்குப் போகும் பையன்கள். மனைவியோ அம்மாவோ இருக்கிற வீட்டில் அது நடக்காது. அந்த நூலோடு ஒருத்தன் தெருவில் நடந்தால், அவனைப் பின்னாலிருந்து பார்க்க வீட்டில் ஆளில்லை என்று பொருள்.

நான் பத்தொன்பது வருடமாக ஒரு சூட் கடையில் அளவு திருத்தும் வேலை பார்க்கிறேன். அப்படி ஒரு நூலைப் பார்த்தால் என் விரல் அரிக்கும். கத்தரிக்கோல் ஷூ அலமாரியின் மேல் இழுப்பறையில்தான் இருந்தது. அவன் ஒரு படி கீழே நின்றதால் நான் படியோரத்தில் முட்டி போட்டால் சரியாக எட்டும். இரண்டு வெட்டு, ஒரு இழுப்பு, அவ்வளவுதான் வேலை.

முட்டி போடவில்லை. "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

காரணம் போன செவ்வாய்க்கிழமை நடந்தது. அன்று குரோய்வா என்ற ஆள் கடைக்கு வந்திருந்தான். வீட்டு மனை விற்கிறவன், இரண்டு விவாகரத்து முடித்தவன், வருடத்துக்கு மூன்று சூட் எடுப்பவன். கூட்டாளி ஹனாயையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். இவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. நாலு நடுவயது ஆண்கள், சனிக்கிழமை தோறும் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு ரயில் நிலையத்து ஒயின் கடையில் போய் நிற்பார்கள். உட்கார நாற்காலி இல்லாத கடை. உட்கார்ந்தால் பேண்ட் மடிப்பு கலையும் என்பதால் அதுவே அவர்களுக்குத் தோது. அங்கே வரும் பெண்கள் தங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும், அதுதான் சங்கத்தின் ஒரே நோக்கம்.

பேண்டின் நீளம் குறிக்க ஊழியர் முட்டி போடுவதுதான் எங்கள் தொழில் முறை. வாடிக்கையாளர் கண்ணாடியைப் பார்ப்பார், நான் அவர் கணுக்காலைப் பார்ப்பேன். மணிக்கட்டில் கட்டிய சிறு மெத்தையிலிருந்து குண்டூசியை எடுத்துத் துணியில் குத்துவேன். இந்த ஊர் ஆண்களில் பாதிப் பேரை எனக்கு முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். அவர்களுக்கு என்னைத் தெரியாது. என் சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் மிசுகாமி என்று பிறந்த வீட்டுப் பெயர்தான் இருக்கும். கல்யாணத்துக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்ததால் அதை மாற்றவில்லை. அதனால் குரோய்வா என் தலைக்கு மேலே தாராளமாகப் பேசினான்.

"பொம்பளைங்க மொதல்ல பாக்கறது ஷூவை. அப்புறம் மணிக்கட்டு. மூஞ்சியெல்லாம் கடைசி" என்றான். "அதனாலதான் நமக்கும் ஒரு வழி இருக்கு."

"தத்சு வர்றானா இந்த வாரம்?" என்று ஹனாய் கேட்டான்.

என் கையில் இருந்த ஊசி நின்றது.

"வராம? கனாசாவா வரைக்கும் போய் புது சூட் எடுத்திருக்கான். சனிக்கிழமை வரைக்கும் கார் டிக்கியில ஒளிச்சு வச்சிருக்கானாம். மோதிரம் சாவிக்கொத்துல தொங்குது. ஒண்டிக்கட்டைன்னு சொல்லிக்கிட்டா பொண்ணுங்க ஒரு மாதிரி பாவமா பாக்குறாங்கடா. வேலை செய்யுது."

"வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா?"

"அவளா. எங்கயோ தையக்காரியாம். ஊர் ஆம்பளைங்க காலடியில நாள் பூரா முட்டி போட்டுட்டு வர்றவளைப் போய் வீட்டுல எப்படிடா பொண்டாட்டின்னு பாக்கறதுன்னான் அன்னிக்கு. எங்களுக்குச் சிரிச்சு மாளல."

ஹனாயும் சிரித்தான். குரோய்வா கண்ணாடியில் தன் காலைப் பார்த்து, "இன்னும் அரை சென்டிமீட்டர் ஏத்துங்கம்மா" என்றான் என்னிடம். ஏற்றினேன். ஊசி அவன் கணுக்காலுக்கு ஒரு நூல் தூரத்தில் இருந்தது. ஒரு குத்து குத்தியிருக்கலாம். இல்லை, இரண்டு காலையும் வேறுவேறு நீளத்தில் தைத்துக் கொடுத்து அவனை ஊர் சிரிக்க வைத்திருக்கலாம். செய்யவில்லை. துணி என்ன பாவம் செய்தது. சரியாக அரை சென்டிமீட்டர் ஏற்றி, தரையோடு மட்டம் பார்த்து, "முடிஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

மோதிரம், ஒண்டிக்கட்டை, கனாசாவா எல்லாம் எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கழிவுநீர்க் குழாய்க்குள் இருபது வருடம் தலையை விட்டவனுக்கு நாலு பெண்கள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தால் அதை ஒரு காய்ச்சல் என்று விட்டுவிடலாம். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் விட முடியவில்லை. அவன் சொன்னானா, அல்லது குரோய்வா சிரிப்புக்காகக் கட்டிவிட்டானா? குரோய்வா வாயில் உண்மை தங்காது என்று ஊருக்கே தெரியும். நாலு நாளாகச் சோறு பரிமாறும்போதும், குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பும்போதும் அதே கேள்வி. கேட்டுவிடலாம். கேட்டால் இல்லையென்பான், அந்த இல்லையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது.

அவன் போன பிறகு அடுத்த டிராமில் நானும் போனேன். அன்று எனக்கு விடுமுறை. ரயில் நிலையத்துக்குள் ஒயின் கடைக்கு எதிரே மீன் வடிவ அச்சில் சுட்ட இனிப்புப் பணியாரம் விற்கும் கடை. அங்கே ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு தூணோரம் நின்றேன். நாலு பேரும் இருந்தார்கள். குரோய்வா சாம்பல் நிறத்தில், நான் மடித்துத் தைத்த பேண்டில். பேண்ட் அற்புதமாக விழுந்திருந்தது, அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒவ்வொருத்தனும் ஒரு கையைப் பையில் விட்டு, மறு கையால் கோப்பையை நெஞ்சளவில் பிடித்து, பேசிக்கொண்டே யார் பார்க்கிறார்கள் என்று பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் சட்டைக் கைமுனையை இழுத்துவிட்டால் அடுத்தவனும் இழுத்துவிடுவான்.

தத்சுரோ எனக்கு முதுகு காட்டி நின்றான். அந்த வெள்ளைக் குறி அவ்வளவு தூரத்திலிருந்தே தெரிந்தது. அவனுக்குப் பின்னால் இரண்டு பெண்கள், அலுவலகம் போகிற வயது, ஒருத்தி மற்றவளின் முழங்கையை இடித்து அவன் முதுகைக் காட்டினாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன், பல மாதங்களுக்குப் பிறகு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. ஆசைப்பட்டபடியே பெண்கள் உன்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள், பார்த்துக்கொள் என்று நினைத்தேன். பணியாரத்தை முழுதும் தின்று முடித்து வீட்டுக்கு வந்து, முள்ளங்கி நறுக்கினேன்.

ஏழு மணிக்குக் கதவு திறந்தது. மண்ணெண்ணெய் அடுப்பில் நான் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். அவன் கோட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து நின்றான். முகம் கொஞ்சம் சிவந்து, சிரிப்பை உள்ளே அடக்கினாற்போல இருந்தது. மோதிரம் விரலில் இருந்தது. அவசரமாக ஏற்றியதில் கணு தடித்திருந்தது. தண்ணீர் எடுக்க அவன் குழாய்ப் பக்கம் திரும்பியபோது முதுகைப் பார்த்தேன்.

நூல் இல்லை. பிய்த்து எடுத்ததல்ல. பிய்த்தால் துணியில் ஊசித்துளைகள் இழுபட்டு நிற்கும். இது நடுவில் வெட்டி, நாலு முனையையும் தனித்தனியாக உருவியது. தெரிந்த கை, பொறுமையான கை.

"கூட்டம் எப்படி?" என்றேன்.

"பரவாயில்ல." தண்ணீரைக் குடித்தான். "கோட்டுல பின்னாடி நூல் இருந்திருக்கு. எனக்குத் தெரியவே இல்ல. ஒரு அம்மா கூப்பிட்டுச் சொன்னாங்க. கைப்பையில சின்னக் கத்தரி வச்சிருந்தாங்க, அவங்களே எடுத்து விட்டாங்க."

"நல்லவங்க."

"ஆமா. வீட்ல யாரும் இல்லையான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவன் கோப்பையைக் கழுவினான். ஏற்கனவே சுத்தமான கோப்பையை இரண்டு தடவை கழுவினான். "சிரிச்சேன்" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் வாயால் சொன்ன பொய்க்கு நான் சாட்சி தைத்து அனுப்பியிருக்கிறேன். மோதிரத்தைக் கழற்றியதைவிட அந்த வெள்ளை நூல் அவனுக்குப் பெரிய உதவி. பின்னாலிருந்து பார்க்க ஆளில்லாத மனிதன், பாவம் என்று ஒருத்திக்குத் தோன்றியிருக்கிறது. ஆள் இருந்தாள், பார்த்தாள், விட்டுவிட்டாள். கரண்டியை வைத்துவிட்டு அடுப்பின் தீயைக் குறைத்தேன்.

"நான் கிளம்பறப்ப நீ பாக்கலையா?" என்று கேட்டான். குரலில் குற்றம் சொல்லும் தொனி. "நீ பாக்கற வேலையே இதுதானே."

"பாத்தேன்."

"பாத்தியா?"

"கண்ணாடி முன்னாடி நின்னப்பவே பாத்தேன்."

"அப்ப எடுத்து விட்டிருக்கலாமே. என்னை அப்படியே அனுப்புவியா? எத்தனை பேர் பாத்திருப்பாங்க."

"எடுக்கலாம்தான்" என்றேன். "அதுக்கு முட்டி போடணுமே."

நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புரியாமல் விழித்திருந்தால் போதும். ஏன், போட்டால் என்ன என்று எரிந்து விழுந்திருந்தாலும் போதும். குரோய்வா கட்டிவிட்ட கதை என்று நானே முடித்துக்கொண்டு சோறு போட்டிருப்பேன். தத்சுரோ என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கண் நேராகக் கீழே இறங்கி என் முழங்காலில் நின்றது.

நாலு நாளாகத் தேடிய பதில் அதுதான்.

குழம்பு மூடி மெல்லத் துள்ளிக்கொண்டிருந்தது. அவனுக்குக் கைக்கு ஏதாவது வேலை தேவைப்பட்டது போலும், பையிலிருந்து சாவியை எடுத்தான். அதோடு ஒரு காகிதக் கைத்துண்டும் வெளியே வந்து விழுந்தது, ஒயின் கடையின் பெயர் அச்சடித்தது, நாலாக மடித்தது. விழுந்த வேகத்தில் அது திறந்து உள்ளே இருந்தவை தரையில் விரித்த பாயில் சிதறின. நாலு துண்டு வெள்ளை நூல். வெட்டிப் போட்ட நூலை அவன் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறான்.

"குப்பைத் தொட்டி எதுவும் பக்கத்துல இல்ல" என்றான், நான் ஒன்றும் கேட்காமலே.

பிறகு அதைப் பொறுக்க என் காலடியில் முட்டி போட்டான். புது பேண்டில் அப்படி மண்டியிட்டால் முழங்கால் உப்பிவிடும். உட்காரும் முன் துணியை இரண்டு விரலால் மேலே இழுத்துவிட வேண்டும். பத்தொன்பது வருடமாக எல்லா ஆண்களுக்கும் சொல்கிற வார்த்தை, நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. வெளிர் நிறப் பாயில் வெள்ளை நூல் அவனுக்குச் சட்டென்று தெரியவில்லை. தலையைத் தாழ்த்தி, விரலால் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தான். அடுப்பின் வெளிச்சத்தில் அவன் உச்சியின் சொட்டை பளபளத்தது. ஒரு துண்டு என் பாதத்தை ஒட்டியே கிடந்தது. நான் காலை நகர்த்தவில்லை. அவன் ஒவ்வொரு தடவை கையை நீட்டும்போதும் கோட்டின் பிளவு நன்றாக விரிந்து, மறுபடி ஒரு கோடாக மூடிக்கொண்டது.