நிற்கக் கூடாத லோடு

பெட்டிகளை ஏற்றி முடித்து மேலே வலையை இழுத்துக் கட்டும்போதுதான் நெட்டையாருக்கு அது நடந்தது. முந்நூறு பெட்டித் தேனீக்கள் உள்ளே சாதுவாக இருக்க, வெளியே சுற்றிக்கொண்டிருந்த ஒரே ஒரு தேனீ அவருடைய இடது இமையில் கொட்டிவிட்டுப் போனது. பத்து நிமிடத்தில் கண் இருந்த இடத்தில் ஒரு தக்காளி இருந்தது.

"டிரைவரம்மா, இன்னிக்கு முழுக்க நீதான் ஓட்டணும் போல" என்றார் மனைவியிடம்.

அவளுக்குக் கனரக லைசென்ஸ் வந்த அன்று கேலியாக அவர் வைத்த பெயர் அது. இப்போது புக்கிங் ஆபீசிலிருந்து பெட்ரோல் பங்க் வரைக்கும் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவளுக்கு அது பிடித்துப்போய் நாளாயிற்று. வெளியே காட்டிக்கொண்டதில்லை.

பெண்ணுக்கு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபின், வீட்டைப் பூட்டிக்கொண்டு லாரியில் ஏறி நாலு வருஷம் ஆகிறது. ஆறு மணி நேரம் அவர் ஓட்டினால் அடுத்த ஆறு மணி நேரம் அவள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் இருக்கும் பலகைப் படுக்கையில் தூங்கியாக வேண்டும். ஒரே கேபினில் குடித்தனம் என்றுதான் பேர். இருவரும் சேர்ந்தாற்போல் விழித்திருப்பது இடம் மாற்றிக்கொள்கிற அந்தக் கால் மணி நேரம்தான். ஒரு டீ, டயரைச் சுற்றி ஒரு நடை, "முன்னால ரோடு மோசம், பாத்துப் போ" என்று ஒரு வார்த்தை, அவ்வளவு. "நீங்க ரெண்டு பேரும் சண்டையே போடறதில்லையாம்மா?" என்று பெண் ஒருநாள் போனில் கேட்டாள். "அதுக்கு நேரம் எங்கடி இருக்கு?" என்றாள் இவள்.

பெட்டிகளுக்குச் சொந்தக்காரரான தேன்காரர் கிளம்புவதற்கு முன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "வெயில் ஏறிட்டா வண்டி நிக்கவே கூடாதும்மா. ஓடற காத்துல அதுங்க அடங்கிக் கெடக்கும். நின்னுட்டா சூடு தாங்காம வெளிய வந்துரும். உள்ளயே கெடந்தா செத்துரும். எல்லா வேலையையும் விடியறதுக்குள்ள முடிச்சுக்குங்க." சொல்லிவிட்டு, பெட்டிகள் இறங்க வேண்டிய பழத்தோட்டத்துக்குத் தன் வேனில் முன்னால் போய்விட்டார்.

விடிந்தபோது டிரைவரம்மா ஸ்டியரிங்கில் இருந்தாள். நெட்டையாரால் ஓட்டவும் முடியவில்லை, கண் விண்விண்ணென்று தெறித்ததில் தூங்கவும் முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மேற்பார்வையில் இறங்கிவிட்டார்.

"முன்னால சைக்கிள்."

"பாத்தேங்க."

"அந்த பஸ்காரன் நிறுத்தப் போறான்."

"அதையும் பாத்தாச்சு. ஒத்தைக் கண்ணை வெச்சுக்கிட்டே இவ்வளவு பாக்கறீங்களே, ரெண்டும் தெறந்திருந்தா என் கதி என்ன ஆகும்?"

அவர் துண்டை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஒரு நீண்ட இறக்கம் வந்தது. அவள் தாழ்ந்த கியரில் இன்ஜினைப் பிடித்து வைத்துக்கொண்டு, பிரேக்கில் காலே வைக்காமல் அடிவாரம் வரை இறக்கினாள். நெட்டையார் அவள் காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இந்த எறக்கத்துல நான் நாலு தடவை பிரேக் புடிப்பேன்" என்றார் கடைசியில்.

"அஞ்சு. படுத்துக்கிட்டே எண்ணிட்டுதான் இருப்பேன்."

பதினோரு மணி வாக்கில் ஒரு வளைவைத் தாண்டியதும் எதிரே வண்டிகள் வரிசையாக நின்றன. குழாய் ஏற்றிப் போன லாரி ஒன்று குறுக்கே சரிந்து, குழாய்கள் ரோடு முழுக்க உருண்டுவிட்டனவாம். யாருக்கும் அடியில்லை. ஆனால் ஒதுக்கி முடிக்க இரண்டு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். பின்னால் போகலாம் என்றால் அதற்குள் முப்பது வண்டி வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

முதல் பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு பெட்டிகளுக்குள்ளிருந்து வந்த இரைச்சல் மெல்ல ஏறியது. கண்ணாடியில் பார்த்தாள். வலையின் உட்புறம் கறுப்பாக அப்பிக்கொண்டு வந்தது. ஓரத்து இடுக்குகளில் நுழைந்து சில வெளியே வந்துவிட்டன. பின்னால் நின்ற காரின் கண்ணாடிகள் சட்டென்று மேலே ஏறின. ஒருவன் மோட்டார் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு எடுத்தான் ஓட்டம்.

தேன்காரருக்குப் போன் போட்டாள். "தண்ணி ஊத்துங்கம்மா!" என்று அவர் கத்தினார். "வலை மேல நல்லா ஊத்துங்க. மழைன்னு நெனச்சு உள்ள போயிரும், சூடும் தணியும். விட்டுட்டு விட்டுட்டு ஊத்திக்கிட்டே இருக்கணும்."

வண்டியில் இருந்தது இரண்டு கேன் குடிதண்ணீர். முந்நூறு பெட்டிக்கு அது எந்த மூலைக்கு?

"நீங்க கதவைச் சாத்திட்டு உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, தலையையும் முகத்தையும் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு இறங்கினாள். வரிசையில் பின்னோக்கி நடந்தாள். பதினேழாவதோ பதினெட்டாவதோ வண்டி ஒரு தண்ணீர் டேங்கர். அதன் டிரைவர் காலை டேஷ்போர்டில் போட்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க தண்ணி எனக்கு வேணும்."

அவர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார். "இது கட்டட வேலைக்குப் போற தண்ணிம்மா. கொறஞ்சா இன்ஜினியர் என்னை உரிச்சுத் தொங்க விட்டுருவார்."

"அவர் நம்பரைக் குடுங்க, நான் பேசறேன். அங்க நிக்கிறது தேனீ லாரிண்ணே. இன்னும் அரை மணி நேரத்துல அத்தனையும் வெளிய வரும். வந்தா முதல்ல எங்க போகும்னு எனக்குத் தெரியாது."

அந்த நேரம் பார்த்து ஒரு தேனீ வந்து டேங்கரின் பக்கக் கண்ணாடியில் உட்கார்ந்தது. டேங்கர்காரர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், காலைக் கீழே இறக்கினார்.

"எவ்வளவு வேணும், அக்கா?"

எதிர்ப்பக்கப் பாதையில் அவசரக்காரர்கள் ஆறேழு பேர் காரைச் செருகி வைத்திருந்தார்கள். டிரைவரம்மா டேங்கருக்கு முன்னால் நடந்துகொண்டே ஒவ்வொருவரிடமும் குனிந்து, "தேனீ லாரி, வழி விடுங்க" என்றாள். வழக்கமாக ஹாரன் அடித்தாலும் அசையாதவர்கள், காரை மண்ணில் இறக்கி வழிவிட்டார்கள்.

டேங்கர் லாரியை ஒட்டி வந்து நின்றது. ஹோஸைத் தூக்கிப் பிடிக்க மேலே ஒரு ஆள் வேண்டும். அவள் ஏணியில் கால் வைப்பதற்குள் கேபின் கதவு திறந்தது. நெட்டையார் போர்வையைத் தலையோடு போர்த்தி, ஒற்றைக் கண்ணுக்கு மட்டும் இடம் விட்டு இறங்கி வந்தார்.

"உங்களை உள்ள இருங்கன்னேன்ல?"

"உனக்கு எட்டாதும்மா. ஆறடி வளர்ந்தது எதுக்கு?"

ஏறி நின்று ஹோஸைப் பிடித்தார். வெயிலில் தண்ணீர் விசிறிக்கொண்டு வலை முழுக்க விழுந்தது. இரைச்சல் ஒருமுறை ஏறி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவர் கழுத்தில் ஒன்று கொட்டியது, கை மணிக்கட்டில் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் தேனீயின் வம்சத்தையே திட்டினாரே தவிர ஹோஸை விடவில்லை. டிரைவரம்மா கீழே நின்று, எந்த மூலை காய்கிறது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள். இன்ஜினியருக்கும் நடுவில் ஒரு போன் போட்டாள். அந்த மனிதர் நம்பாமல் படம் அனுப்பச் சொன்னார். அனுப்பினாள். "சரி, அவனைப் பாத்து நிக்கச் சொல்லுங்க" என்று பதில் வந்தது.

குழாய்களை ஒதுக்கி வழி திறந்தபோது மணி ஒன்றரை. முன்னால் நின்றவர்கள் யாரும் சொல்லாமலே ஒதுங்கி, லாரியை முதலில் விட்டார்கள். மரியாதையா பயமா என்று தெரியவில்லை. அவளுக்கு இரண்டும் ஒன்றுதான். டேங்கர்காரர் கையை ஆட்டினார்.

வேகம் பிடித்துக் காற்று உள்ளே புகுந்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. தன்னையறியாமல் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்து, ஒரு சரணம் முடிந்த பிறகுதான் பக்கத்தில் ஆள் விழித்திருக்கிறது என்பது நினைவு வந்து நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்ட?"

"நான் பாட்டுக்குத் தனியா ஓட்டற பழக்கம்."

"நாலு வருஷமா நான் தூங்கி வீணாக்கியிருக்கேன்" என்றார் நெட்டையார். "பாடு."

அவள் வெட்கப்பட்டு, கியர் மாற்றுவதில் மும்முரமானாள். நாலு கிலோமீட்டர் தாண்டித்தான் பாடினாள்.

பொழுது சாயுமுன் பழத்தோட்டத்தை எட்டிவிட்டார்கள். தேன்காரர் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தார். நாலு பெட்டியில் கொஞ்சம் செத்திருந்தன. மற்றதெல்லாம் பிழைத்துவிட்டன. டிரைவரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து ஒருமுறை அழுத்தினார். நெட்டையாரின் கழுத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தடவ மருந்து கொடுத்தார்.

அன்றைக்கு லாரி மரங்களுக்கு நடுவே நிற்க, இருவரும் ஒரே நேரத்தில் தூங்கினார்கள். ஒருவர் படுக்கிற பலகை அது. அவர் காலை மடக்க இடமில்லாமல் திணறினார். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். போர்வை யாருக்கு என்று ஒரு சின்னச் சண்டையும் நடந்தது.

காலையில் அவள் அடுப்பைப் பற்றவைத்து முட்டையை உடைத்து ஊற்றும்போது புக்கிங் ஆபீசிலிருந்து போன் வந்தது. பக்கத்து ஊரில் பேப்பர் லோடு காத்திருக்கிறதாம், உடனே கிளம்ப முடியுமா என்று.

நெட்டையார் போனைக் கையால் மூடிக்கொண்டு அவளைப் பார்த்தார். வீக்கம் வற்றி, இடது கண் பாதி திறந்திருந்தது.

"மத்தியானத்துக்கு மேல வரோம்னு சொல்லுங்க" என்றாள் அவள். "பேப்பர்தானே, நிக்கட்டும்."

அவர் அப்படியே சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.