மூன்றாவது பெண்ணுக்குச் செவ்வாய்

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்தது எங்கள் கம்ப்யூட்டர் ஜாதக நிலையம். வருகிறவர்கள் படிக்கட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். மிஷினுக்குத் தூசி ஆகாது என்று முதலாளி முனிராஜ் வைத்த சட்டம் அது. சனங்களோ அதைக் கோயில் சட்டமாக எடுத்துக்கொண்டார்கள். உள்ளே வந்ததும் மானிட்டரைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார்கள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் மாசக்கணக்கில் காய்ந்து கிடக்கும். அந்தச் சாமிக்கு முன்னால் உட்கார்ந்து தட்டுகிற பூசாரி நான், அதியமான்கோட்டை பாக்கியமேரி.

எங்கள் சர்ச்சுப் பெண்களுக்கு இது நல்ல வேடிக்கை. "ஞாயித்துக்கெழம சர்ச்சுல நன்மை வாங்கற, திங்கக்கெழம ஜாதகம் போடற. நீ மோட்சத்துக்குப் போவியா, நரகத்துக்குப் போவியா?" என்று லூர்தம்மாள் அக்கா கேட்பாள். "கரண்ட் எங்க கட் ஆவலியோ அங்க போறேன்க்கா" என்பேன்.

எண்பத்தெட்டில் எங்கள் பக்கம் கம்ப்யூட்டர் என்பது அப்படிப்பட்ட அதிசயம். ஊர் ஜோசியர் எழுதினால் தப்பு வரலாம், மிஷினுக்குத் தப்பே வராது என்று முனிராஜ் சார் நோட்டீஸ் அடித்து ஒட்டியிருந்தார். பிரிண்டர் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் குழைத்த மஞ்சள் இருக்கும். ஜாதகம் நல்லதாக வந்தால் பேப்பரின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கையில் கொடுப்போம். செவ்வாய் தோஷம் என்று வந்துவிட்டால் மஞ்சள் கிடையாது. வெறும் பேப்பரை மடித்துக் கொடுத்து, பரிகார பூஜைக்கு சாரின் மச்சான் பச்சியப்பனிடம் அனுப்பிவிடுவோம். மஞ்சள் இல்லாத பேப்பரை வாங்கிக்கொண்டு படி இறங்குகிற அப்பன்களின் முதுகை நான் பார்க்க மாட்டேன். பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் அப்படி மஞ்சள் இல்லாத பேப்பர் கண்ணம்மாளுக்கே வந்தது.

கண்ணம்மாள் எங்கள் ஊர்க்காரி, என் உயிர்த் தோழி. கீழே டெலிபோன் பூத்தில் வேலை. காலையில் ஒரே பஸ்ஸில் வந்து சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் ஜானகியம்மாளின் மகனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். பையனையும் அவளுக்குப் பிடித்திருந்தது. கடைசியில் ஜானகியம்மாள், எதற்கும் கம்ப்யூட்டரிலும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றாள். நான்தான் தட்டினேன். ஏழாம் கட்டத்தில் செவ்வாய் வந்து உட்கார்ந்திருந்தது. ஜானகியம்மாள் பேப்பரைக் கையால்கூடத் தொடவில்லை. "நல்லவேள, முன்னாடியே தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? புருஷனை முழுங்கப் பிறந்தவள் என்று ஒரே வாரத்தில் பெயர் கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருப்பாள்.

மனசு ஆறாமல், கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம் அவள் பிறந்த நாளையும் நேரத்தையும் மறுபடி தட்டினேன். செவ்வாய் இல்லை! பேப்பரில் அடித்தும் பார்த்தேன். சுத்தமான ஜாதகம். இன்னொரு முறை தட்டினேன். அப்போதும் இல்லை. அதற்கடுத்த முறை, வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே பெண், ஒரே நேரம். வானத்துச் செவ்வாய் சாப்பாட்டு வேளைக்குள் வீடு மாறிவிட்டுத் திரும்பி வருமா? எனக்கு ஜோசியம் தெரியாது, ஆனால் மிஷின் தெரியும். சேலத்தில் படித்துவிட்டு வந்தவள் நான்.

டிஸ்கில் என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று கேட்டேன். வழக்கமானவைதான் வரிசையாக வந்தன. ஆனால் அந்த வரிசையில் வராமல் ஒளித்து வைக்கிற ஃபைல்களும் உண்டு. டிஸ்கைச் சோதிக்கிற கட்டளையைக் கொடுத்தால், மறைந்திருப்பது எத்தனை என்று மிஷின் தானாகவே சொல்லிவிடும். அது உயிர் பெற்று எழுந்திருக்கவே அப்படி இரண்டு வேண்டும் என்று படித்திருந்தேன். இங்கே மூன்று என்றது. அதே கட்டளையில் ஒரு எழுத்தைச் சேர்த்துப் போட்டதும் எல்லாப் பெயரும் ஓடின. அவற்றின் நடுவில் இங்கிலீஷ் எழுத்தில் ‘செவ்வாய்’ என்று ஒரு பெயர். திருடனுக்குப் பெயர் வைக்கும்போதுகூட அவர்களுக்குக் கை கூசவில்லை.

ஒளிந்திருக்கிற ஃபைலுக்குப் பெயர் தெரியாத வரைக்கும்தான் மரியாதை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து நிற்கும். கூப்பிட்டேன். திரையில் ஒரே ஒரு எண் வந்தது. பெண் ஜாதகம் போடப் போட ஒன்று, இரண்டு என்று அது ஏறியது. மூன்றாவது பெண் யாராக இருந்தாலும் அவள் தலையில் தோஷம் விழுந்தது. எண் திரும்பப் பூஜ்யம் ஆனது. கண்ணம்மாள் செய்த பாவமெல்லாம் அன்றைக்கு மூன்றாவதாக வந்ததுதான்.

அந்தச் சுத்தமான பேப்பரை எடுத்துக்கொண்டு நேரே பாலக்கோட்டுக்கு பஸ் ஏறினேன். ஜானகியம்மாள் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நின்றபடியே கேட்டாள். "கம்ப்யூட்டரு பொய் சொல்லுமா? நீ வேதக்காரப் பொண்ணு, உனக்கென்ன தெரியும் செவ்வாயப் பத்தி? சிநேகிதிக்காக வந்து பேசற. வூட்டுக்குப் போம்மா."

போனேன். ஆனால் எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும், அது என்னோடுதான் வந்தது. மறுநாளிலிருந்து எண் இரண்டுக்கு வரும்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் ஒரு கற்பனைப் பெண்ணுக்கு ஜாதகம் போட்டேன். வெள்ளியம்மாள் என்று பெயர் வைத்தேன். தோஷம் வெள்ளியம்மாள் தலையில் விழும், அடுத்து வருகிற பெண்ணுக்கு மஞ்சள் கிடைக்கும். உலகத்தில் எந்தப் பெண்ணுக்கும் அவ்வளவு தோஷம் இருந்திருக்காது, பாவம் வெள்ளியம்மாள்.

மாசம் திரும்புவதற்குள் பச்சியப்பன் படியேறி வந்துவிட்டான். "என்னங்க மாமா, ஜில்லாவுல இருக்கற பொண்ணுங்களுக்கெல்லாம் ஒரே நாள்ல செவ்வாய் வுட்டுப்போச்சா?"

முனிராஜ் சார் என் பக்கம் திரும்பினார். "மேரி, மிஷின்ல எதையாச்சும் நோண்டினியா?"

"உள்ள என்ன இருக்குதுன்னு நீங்க சொல்லுங்க சார். அத நோண்டலன்னு நான் சொல்றேன்."

அவர் பிரிண்டர் பேப்பரைச் சரிசெய்யப் போய்விட்டார். ஒளித்து வைத்தவனுக்கு அதுதான் கஷ்டம், காணோம் என்று சத்தம் போடக்கூட முடியாது. ஆனால் அன்றிலிருந்து என் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்க ஆரம்பித்தார்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. கூட்டம் படிக்கட்டு வரை நின்றது. அதில் ஜானகியம்மாள். மகளுக்கு ஓசூரிலிருந்து வரன் வந்திருக்கிறதாம், பிறந்த நேரத்தைச் சொன்னாள். எண் இரண்டில் நின்றது எனக்குத் தெரியும். முனிராஜ் சார் அந்தப் பக்கம் திரும்பி யாருடைய பேப்பருக்கோ மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். வெள்ளியம்மாளைக் கூப்பிட நேரம் இருந்தது. நான் கூப்பிடவில்லை. அந்தப் பெண் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். கண்ணம்மாள் மட்டும் என்ன செய்தாள்?

பிரிண்டர் கரகரவென்று அடித்தது. ஏழாம் கட்டத்தில் செவ்வாய்.

ஜானகியம்மாள் பேப்பரை என் பக்கமே திருப்பித் தள்ளினாள். "இல்லீங்க, எங்க வம்சத்துலயே செவ்வாய் கெடையாது. இது தப்பா வந்திருக்கும். இன்னொருவாட்டி போடும்மா."

"கம்ப்யூட்டரு தப்புப் பண்ணாதுங்கம்மா. பரிகாரம் ஒண்ணு இருக்குது..." என்று முனிராஜ் சார் ஆரம்பித்தார். அதற்குள் நான் தட்டிவிட்டேன். இரண்டாவது பேப்பர் வந்தது. செவ்வாயைக் காணோம்.

வரிசையில் நின்ற ஒரு பெரியவர் இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல எதும்மா நெசம்?" என்றார்.

நான் எழுந்து நின்றேன். "இந்த மிஷினுக்குள்ள ஒரு ஃபைல ஒளிச்சு வெச்சிருக்காங்க. மூணு பொண்ணுக்கு ஒருவாட்டி அது செவ்வாயக் கொண்டாந்து போடும்."

"எங்க இருக்குது? காட்டு பாப்போம்!" சார் அவரே குனிந்து ஃபைல் வரிசையைத் திரையில் வரவழைத்தார். "எல்லாரும் பாருங்க, அப்படி ஏதாச்சும் இருக்குதா?"

இல்லைதான். நான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரையில் ‘1’ வந்து நின்றது.

"ஐயா, உங்க பொண்ணு பொறந்த நேரத்தச் சொல்லுங்க" என்றேன் பெரியவரிடம். போட்டேன், நல்ல ஜாதகம். எண் இரண்டானது. "இப்ப அதே பொண்ணுக்கே திரும்பப் போடறேன், பாருங்க." செவ்வாய் வந்து உட்கார்ந்தது. பெரியவர் "அடப்பாவி!" என்று கத்தினார். முனிராஜ் சார் ஓடிப்போய் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். திரை இருண்டது.

"அணைச்சா அழியாதுங்க சார். அது டிஸ்க்ல இருக்குது" என்றேன்.

"நாளையிலருந்து நீ வராத!"

"நாளைக்கு வேற யாரு சார் வரப் போறாங்க?"

சத்தம் கேட்டுக் கண்ணம்மாள் கீழிருந்து ஓடி வந்திருந்தாள். கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் பையிலிருந்து அவளுடைய சுத்தமான பேப்பரை எடுத்தேன். சார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய கிண்ணத்திலிருந்து மஞ்சளை வழித்து நான்கு மூலையிலும் தடவினேன்.

ஜானகியம்மாள் அதை வாங்கக் கை நீட்டினாள். குரல் தேனாக ஒழுகியது. "கண்ணம்மா, நடந்தது நடந்துபோச்சு. நாங்க என்னத்தக் கண்டோம்? பையன் இன்னும் உன் நெனப்பாத்தான் இருக்கறான். வைகாசியில நாள் பாத்துக்கலாம் சாமி."

கூட்டமே கண்ணம்மாளைப் பார்த்தது. இவ்வளவும் எதற்காகச் செய்தேனோ அது கையெட்டும் தூரத்தில் நின்றது.

கண்ணம்மாள் அந்தப் பேப்பரைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். சத்தம் போடவில்லை. டெலிபோனில் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்வாளே, அதே குரலில்தான் கேட்டாள்.

"உங்க பொண்ணுக்குத் தோஷம்னு வந்ததும் இன்னொருவாட்டி போடச் சொன்னீங்க. எனக்கு வந்தப்போ ஏங்க சொல்லல?"

ஜானகியம்மாள் என்னைப் பார்த்தாள், பெரியவரைப் பார்த்தாள், அணைந்து கிடந்த மிஷினைக்கூடப் பார்த்தாள். கண்ணம்மாள் பதிலுக்குக் காத்து நின்றாள். அவளுக்கு அவசரமே இல்லை. கடைசியில் ஜானகியம்மாள்தான் தலையைக் குனிந்துகொண்டு படிக்கட்டில் செருப்பைத் தேடினாள்.